உள்பக்கம் பார்த்துப் போட்ட றப்பர்

ஏறாவூரில் அந்த வருடத்து மாரிமழை முழுவதும் உசனாரின் மொறிஸ் மைனர் காருக்குள்ளேயே பெய்தது. வெளியே புழுதி அடங்கும் அளவுக்குக்கூட ஒரு துளி விழவில்லை. தேங்காய் விலை உச்சத்தில் இருந்த வருடம் அது, ஆகவே ஊர் இதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தையில் தேங்காயைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, நேரமிருந்தால் காரைப் பற்றியும் பேசினார்கள். செங்கலடியில் கராஜ் வைத்திருக்கும் இராசதுரை கதவு றப்பரை மாறிப் போட்டதுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அதற்குள் பாதி மாரி போய்விட்டது.

உசனார் அரிசி ஆலை ஒன்றுக்கு லொறி ஓட்டியே தலை நரைத்தவர். இந்தப் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுக்கு, பிறகு அவள் பெறும் பெண்ணுக்கு. ஆண் அதில் இருந்துவிட்டுப் போகிறவன். இதில் எந்த ஆணுக்கும் மனக்குறை கிடையாது, இருந்தாலும் வாய்விட்டுச் சொல்வது கிடையாது. உசனாரைத் தேடி வந்தவர்களுக்குச் சின்ன வயதில் "உம்மாட ஊட்ட இரிக்கான்" என்று, தாயின் வீட்டைச் சொல்லிப் பதில் கிடைத்தது. கலியாணத்துக்குப் பிறகு "மாமிட ஊட்ட" என்றார்கள். மாமி மவுத்தாகி அடக்கமான பிறகு அது "நஸீறாட ஊட்ட" என்று மாறியது. நஸீறா அவருடைய மனைவி. மூத்த மகள் றிஸ்னாவுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தவருக்கு, இளையவள் ஷாகிராவுக்கும் ஒன்று கட்ட வலு இருக்கவில்லை. இருந்த வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் நஸீறாவும் சமைக்கும் குசினிக்குப் பின்னால் இருந்த அறைக்கு மாறினார்கள். அன்றிலிருந்து உசனார் "மகள்ட ஊட்ட" இருக்கிறவர் ஆனார். அவருடையது என்று சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே கூரை, வேலையை விட்ட பிறகு ஓட்டமாவடியில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய பச்சை நிற மொறிஸ் மைனரின் கூரைதான்.

அதை அவர் ஓட்டியதைவிட அதற்குள் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால், முற்றத்து மாமர நிழலில் நிற்கும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிப்பார். விருந்தாளி யாராவது வந்தால் பக்கத்து ஆசனத்தைத் தட்டி "இரிங்க" என்பார். ஒரு தரம் நஸீறாவையும் அப்படிக் கூப்பிட்டார். "எனக்கு ஊடு இரிக்கக்க, காருக்குள்ள என்னத்துக்குக் குந்துற?" என்று கேட்டுவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். அவள் அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் உசனாருக்கு அந்தச் சொல் சுட்டது, பிறகு அவளைக் கூப்பிடவே இல்லை.

காருக்கு இருந்த குறை ஒன்றுதான். கதவுகளைச் சுற்றியிருந்த றப்பர் காய்ந்து, கருவாடு மாதிரி வெடித்துப் போயிருந்தது. ஒரு பாட்டம் மழை பெய்தால் அவருடைய முழங்கால் நனையும், பேப்பர் நனையும், அவர் எழும்பி மகள் வீட்டு விறாந்தைக்கு ஓட வேண்டியிருக்கும். மழைக்கு ஒதுங்க இன்னொருவர் வீட்டுக்கு ஓடுவதென்றால், தன் கூரை என்று ஒன்று இருந்து என்ன பயன் என்று அவருக்கு இருந்தது. அதனால் கொழும்புக்குச் சொல்லிவிட்டுப் புது றப்பர் எடுப்பித்து, மாரி தொடங்க முன்னர் அதை இராசதுரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இராசதுரை நல்ல வேலைக்காரர். பழைய றப்பரை உரித்து, பசையைச் சுரண்டி, கதவு விளிம்பை மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவிட்டு, புதுப் பசை தடவி, கதவின் அடியில் தொடங்கி, பெருவிரலால் அழுத்தி அழுத்திச் சுற்றிவந்து, ஒட்டுவாய் மழை படாத கீழ்ப்பக்கத்தில் சேரும்படி முடித்தார். பிழை ஒன்றே ஒன்றுதான். அந்த மாதம் முழுவதும் அவர் வாழைச்சேனைப் பக்கத்து மீன் லொறிகளுக்கு ஐஸ்பெட்டிக் கதவு றப்பர் மாற்றிக்கொண்டிருந்தார். ஐஸ் லொறியில் றப்பரின் உதடு உள்பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது. கை பழகிய பழக்கத்தில் மொறிஸ் மைனருக்கும் உதட்டை உள்பக்கம் பார்த்துப் போட்டுவிட்டார். கதவைச் சாத்தியபோது இருவருக்கும் காது அடைத்தது. "பாத்தீங்களா காக்கா, காத்துக்கூடப் போகாது" என்று உசனாரை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் இராசதுரை. அது உண்மைதான்.

திரும்பி வரும்போது ஏறாவூர் எல்லையில் மழை பிடித்தது. உசனார் வைப்பரைப் போட்டார். அது காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது. வெளியே வீதி வெயிலில் கிடந்தது. மழை அவருடைய தொப்பியில், தோளில், மடியில் விழுந்துகொண்டிருந்தது. காரின் உள்கூரைத் துணிக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்பு மேகம் நின்றது. காருக்கு உள் எது, வெளி எது என்பது மாறிப்போயிருந்தது. உள்ளே பெய்ய வேண்டாத மழை உள்ளே பெய்தது, வெளியே இருந்த ஊரைக் கார் நனையாமல் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிழிந்தார். "எங்க குளிச்ச?" என்று நஸீறா கேட்டாள். "காருக்குள்ள" என்றார்.

புது றப்பர் படிந்து இறுக நாள் எடுக்கும். அது இறுக இறுக, காரைச் சுற்றி நனையாத வட்டமும் பெருத்தது. முதலில் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை, பிறகு வாவிக்கரை, பிறகு ஊர். கலியாண வீட்டார் வந்து, பந்தலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தும்படி கேட்டார்கள். உசனார் போய் நிறுத்திவிட்டு, உள்ளே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிரியாணி கண்ணாடி வழியாக வந்தது. அவர் உள்ளே இருந்தே ஆக வேண்டும். பழைய பூட்டு, மழை உள்ளே பலத்தால் கதவைத் தள்ளித் திறந்துவிடும். தன் பக்கத்துக் கைப்பிடியை அவர் பிடித்துக்கொள்வார், மற்றக் கதவை நைலோன் கயிற்றால் கட்டிவைப்பார். தண்ணீர் ஆசனம்வரை ஏறினால், வாவிக்கரைக்குப் போய் அடித்தட்டில் இருக்கும் மூடியைக் கழற்றிவிடுவார். ரேடியோ நனைந்த பிறகு பாட்டை நிறுத்திவிட்டு வானிலை அறிக்கையை மட்டும் சொல்லத் தொடங்கியது. ஆனால் அதைப் பிழையில்லாமல் சொன்னது.

வட்டம் செங்கலடியைத் தாண்டிக் கரடியனாற்றைத் தொட்டபோது, அங்கிருந்து கேதீஸ்வரி என்ற பெண் பஸ் ஏறி வந்தாள். அவளுடைய வயல்வட்டை விதைத்து முளைத்து, தண்ணீர் இல்லாமல் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கார்க் கண்ணாடியில் முகத்தை வைத்து, உள்ளே சோவென்று பெய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "காக்கா, இதுக்குள்ள பெய்யிறது எங்கட மழை" என்றாள். உசனாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. காரை எடுத்துக்கொண்டு கரடியனாற்றுக்குப் போனார். அவள் நனையாமல் பஸ்ஸில் வந்தாள். வாய்க்கால் கட்டில் நிறுத்தி இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். அடைபட்டுக் கிடந்த மழை வெளியே பாய்ந்து, வட்டை முழுவதையும் மாலைவரை நனைத்தது. அதன் பிறகு கேதீஸ்வரி சொல்லியனுப்பும்போதெல்லாம் மழையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்படி ஒரு தரம் திரும்பும் வழியில்தான் இராசதுரை காரை மறித்துக் கதவைத் திறந்து பார்த்தார். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ காக்கா, ஐஸ் லொறிக்குப் போடுற மாதிரியெல்லோ போட்டிரிக்கன்! வியாழக்கிழமை கொண்டாங்க, அரை நாள் வேல, திருப்பிப் போட்டுத் தாறன்." உசனாருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வியாழக்கிழமைக்குப் பிறகு மழை வெளியே பெய்யும். அவர் உள்ளே, காய்ந்த ஆசனத்தில், தன் சொந்தக் கூரைக்குக் கீழே பேப்பர் படிப்பார். மனுசன் அதற்கென்று புதிதாக ஒரு குஷன்கூட வாங்கி வைத்தார்.

புதன்கிழமை காலை ரேடியோ பெருமழையோடு தாழமுக்கம் வருகிறது என்றது. வாவி ஊருக்குள் ஏறும் என்றும் சொன்னது. ஷாகிரா பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியவில்லை. அவளுடைய வீடு பள்ளத்தில் இருந்தது. மழை கனத்த வருடங்களில் கட்டில் காலுக்குக் கல் வைத்துத்தான் படுப்பார்கள். றப்பரைத் திருப்பிப் போட்டால் மழை அந்த வீட்டின் மேல் விழும். வீட்டை எழுதிக் கொடுத்தாயிற்று, அது இப்போது தங்களுடையதில்லை என்று உசனார் ஒரு தரம் நினைத்துப் பார்த்தார். அந்த நினைப்புக்குத் தன்னைத் தானே ஏசினார். பிறகு குஷனைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துவிட்டு, அடித்தட்டு ஓட்டையில் ஒரு நீளக் குழாயை மாட்டி மறுமுனையை வாவிக்குள் விட்டு, மற்றக் கதவைக் கயிற்றால் கட்டி, குடையோடு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். வியாழக்கிழமை கைவிட்டுப் போன கோபத்தில் இருந்தார்.

தாழமுக்கம் முழுதாகக் காருக்குள் இறங்கியது. உள்ளே மின்னியது, ஸ்டியரிங் வளையத்தில் இடி இறங்கியது. வெளியே முற்றத்தில் கோழிகள் புழுதியில் குளித்துக்கொண்டிருந்தன, ஷாகிராவின் பிள்ளை வெயில் படும்படி விறாந்தையில் கிடந்தது. குடை முதல் நாளே முறிந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற நஸீறா, உள்ளே தன் புருஷன் ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் கயிற்றையும் பிடித்து இழுபடுவதைப் பார்த்தாள். கயிறு புரி புரியாக விட்டுக்கொண்டிருந்தது. நஸீறா வீட்டுக்குள் போய், குசினியில் நின்ற மகளிடம் சாவிக் கொத்தைக் கொடுத்தாள். பாயையும் தேத்தண்ணி நிரப்பிய சுடுதண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வந்து மற்றக் கதவைத் தட்டினாள். அவர் கயிற்றைத் தளர்த்திய அந்த நொடியில் ஒரு வாளி மழை முற்றத்தில் சிந்தியது, கோழிகள் சிதறி ஓடின. அவள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தி, இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நனைவாய் புள்ள, போ" என்றார் உசனார்.

"உங்கட ஊட்டுக்கு வந்தா நனையத்தானே வேணும்" என்றாள் நஸீறா.

உசனாருக்கு அழுகை வந்தது, அழுதார். அந்த மழைக்குள் அதை மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தாழமுக்கம் கடந்து போகும்வரை இருவரும் ஆளுக்கொரு கதவைப் பிடித்தபடி, இடைக்கிடை தேத்தண்ணி குடித்து, றிஸ்னாவின் பிள்ளைகளைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி குடிக்கக் குடிக்கக் குறையவில்லை. வாவி கரையைத் தாண்டவில்லை.

தாழமுக்கம் ஓய்ந்த பிறகு இராசதுரை கத்தியோடும் பசையோடும் தானே தேடி வந்தார். நஸீறா கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, "கிடக்கட்டும் அண்ணன், பழகிட்டு" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டாள். அவள் இறங்கவில்லை. அதன் பிறகும் பகலில் சமைக்க மட்டும் வீட்டுக்கு வருவாள், பொழுது சாய்ந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பப் போவாள். காருக்குள் மழை பெய்வது ஊருக்குப் பழைய கதையாகிவிட்டது. ஒரு பெண் தன் வீட்டை விட்டுப் புருஷன் வீட்டுக்குக் குடிபோனதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. காத்தான்குடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது உசனாரைத் தேடி யாராவது வந்தால், ஷாகிரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமரத்துப் பக்கம் கையைக் காட்டுகிறாள்.

"வாப்பா அவர்ட ஊட்ட இரிக்காரு. குடையப் புடிச்சிட்டுப் போங்க."