மேல்மாடி மெஷின்

தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது, கண்ணாடி இல்லாமல் தன் கைரேகையே தெரியாது. ஆனாலும் தெருவில் அவருக்குப் பெயர் 'தம்பி'தான். அக்கா ஒருத்தி மேல்மாடியிலிருந்து "தம்பீ" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பொடிசுகள் வரை எல்லோருக்கும் அவர் தம்பியாகிப் போனார். அப்படிக் கூப்பிட்ட குரல்தான் இப்போது கூப்பிடுவதில்லை.

கீழ்த்தளம் தம்பிக்கு, மேல்மாடி அக்காவுக்கு. படி வெளிப்பக்கம். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே தம்பி எழுந்து போய்விடுவார். அக்காவின் புருஷன், மகள் பள்ளிக்கூடம் போகும் முன்னமே செத்துப்போனார். அந்த மகளைப் பாப்பா என்று கூப்பிட்டு அக்காவும் தம்பியுமாகத்தான் வளர்த்து ஆளாக்கினார்கள்.

அக்காவுக்குத் தொழில், தையல்காரர்களுக்குப் பேட்டர்ன் வரைந்து கொடுப்பது. சட்டைக்குக் கை இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று கணினியில் வரைந்து, பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்தால், அவர்கள் அதைத் துணிமேல் வைத்து வெட்டிக்கொள்வார்கள். அந்த வரைகிற புரோகிராம் ஆதிகாலத்து விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆகவே அக்காவின் மெஷினும் ஆதிகாலத்தது. மின்விசிறி சத்தம் கீழே வரை கேட்கும். "இதைத் தூக்கிப் போடுக்கா" என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "உன்னைத் தூக்கிப் போட்டாலும் போடுவேன், இதைப் போட மாட்டேன்" என்பாள்.

தம்பியின் கணினியில் விண்டோஸுக்கு இடமே இல்லை, அதற்குப் பதில் லினக்ஸ்; அது இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வெளியூர் அலுவலகங்களின் கணினிகளை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்வது அவர் பிழைப்பு. ஒன்றுக்கொன்று பாஷை தெரியாத மெஷின்களுக்கு நடுவே துபாஷி மாதிரி நின்று, இதன் கோப்பை அதற்கும் அதன் பிரிண்டரை இதற்கும் பகிர்ந்து கொடுக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. காசு கிடையாது, யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து வைத்தது. தம்பியும் அதைத் திருத்துகிறவர்களில் ஒருவர். மனுஷர்களோடு பேசுவதைவிட அந்தக் கூட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் அவர் பேசியது அதிகம். எங்கோ முகம் தெரியாத ஒருவன் "என் பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று அழுதால், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் எழுதுவார்.

அந்தத் துபாஷியைத்தான் வீட்டிலும் வைத்திருந்தார். பெரிய பிரிண்டரை மாடிக்கு ஏற்ற முடியாது. அது தம்பியின் அறையில் நின்றது. அக்கா மேலே அனுப்பினால் கீழே அச்சாகும். தம்பி சுருட்டிப் படியில் வைப்பார், அக்கா இறங்கி வந்து எடுத்துக்கொள்வாள். 'வீடு' என்று இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டரும் இருந்தது.

சண்டை வந்தது பாப்பாவால். வெளிநாட்டில் வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டபோது, அம்மாவிடம் சொல்லாதே மாமா என்று கெஞ்சினாள். மாமா உருகிவிட்டார். எல்லாக் காகிதங்களையும் அந்தப் பிரிண்டரிலேயே ரகசியமாக அச்சடித்துக் கொடுத்தார். டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, படியிறங்கி வந்து நின்றாள்.

"எனக்கிருந்தது அவ ஒருத்திடா! எனக்குத் தெரியாம அவளை ஊரை விட்டு அனுப்ப உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

"அவ வாழ்க்கைக்கா..."

"அதுக்கு அச்சடிக்க பேப்பர் தீர்ந்துபோச்சுன்னு எங்கிட்டயே வந்து வாங்கினியேடா, பாவி! இனிமே எங்கிட்ட பேசாத."

பேசாதே என்றால் இப்படியா? அவள் ஏதோ ஆத்திரத்தில் சொன்னாள். இவர் அதைச் சிரமேற்கொண்டு ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார். ரோஷம் என்று வந்துவிட்டால் இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

ஆனால் பேட்டர்ன் அச்சாக வேண்டுமே. அக்கா அனுப்பினாள், தம்பி சுருட்டிப் படியில் வைத்தார். சில நாள் கழித்து, ஒரு பேட்டர்னின் ஓரத்தில், கத்தரி தொடாமல் கழிவாகப் போகிற இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'தண்ணி மோட்டாரை நிறுத்து.' தம்பி ஓடிப்போய் நிறுத்திவிட்டு, 'வீடு' ஃபோல்டரில் ஒரு கோப்பு போட்டார்: 'நிறுத்திட்டேன்.' அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அவள் தாளின் ஓரத்தில் எழுதுவாள், இவர் ஃபோல்டரில் பதில் போடுவார். 'குழம்பு படியில இருக்கு.' 'உப்பு கம்மி.' 'வேணும்னா நீயே சமைச்சுக்கோ.' பாப்பா அங்கேயே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்ட சேதியும் ஒரு பாவாடைப் பேட்டர்னின் ஓரத்தில்தான் வந்தது. நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இரண்டு பேரும் தாளில் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு ஒருவிதமாக வாழ்ந்தார்கள். தம்பிக்கு அந்த ஓர வரிதான் அன்றைய ஒரே பேச்சு. பிரிண்டர் உறுமும்போதெல்லாம் போட்ட வேலையைப் போட்டபடி எழுந்து வருவார்.

திடீரென்று ஒரு வாரம் பிரிண்டர் உறுமவே இல்லை.

வேலை இல்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார். பிறகு ஒரு மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தால், தெருமுனை அச்சுக்கடையிலிருந்து அக்கா வருகிறாள், கக்கத்தில் சுருட்டிய தாள்கள். இவர் வாசலைத் தாண்டும்போது கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு படியேறினாள். தம்பிக்குச் சுருக்கென்றது. என் பிரிண்டரைக்கூடத் தொடமாட்டாயோ? போ, எனக்கென்ன?

எனக்கென்ன என்றாரே தவிர, அன்று சாப்பிடவில்லை. மேலே இருமல் கேட்டது. மறுநாளும் கேட்டது, நெஞ்சு கிழிகிற இருமல். எழுந்தார், செருப்பைப் போட்டார், படி வரை போனார். பேசாதே என்றாளே. திரும்பி வந்து 'வீடு' ஃபோல்டரில் எழுதிப் போட்டார்: 'இருமல் கேக்குது. மருந்து வாங்கிட்டு வரவா?' பதில் இல்லை. மணிக்கொருதரம் ஃபோல்டரைத் திறந்து திறந்து பார்த்தார். எதுவும் வரவில்லை. சரி, நான் வாங்கிக் கொடுக்கிற மருந்துகூட அவளுக்கு ஆகாது என்று முடிவு கட்டினார்.

இருமல் தணிந்தது. அப்புறம் ஒரு காலை, படியில் பெட்டி இறங்கும் சத்தம், வாசலில் டாக்சி. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். அக்கா வண்டியில் ஏறுவதற்கு முன் ஒரு கணம் அவர் கதவைப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. சொல்லாமல் போகிறவளை நான் எதற்குக் கேட்கணும்? டாக்சி போய்விட்டது. மேலே மின்விசிறிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. மெஷினை அணைக்காமலேயே போய்விட்டாள், கவனக்குறைவு என்று அதற்கும் ஒரு திட்டு திட்டினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு என்பதே இல்லை. தம்பி ஒரு நாள் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்டபோது தன் குரல் கரகரவென்று வருவதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டார். தனிமை என்றால் இவ்வளவுதான், தொண்டை துருப்பிடிக்கும்.

இப்படியிருக்க, மின்னஞ்சல் குழுவில் ஒரு பெண் எழுதியிருந்தாள். எந்த நாட்டுக்காரியோ. மென்பொருளின் புதுப் பதிப்பைப் போட்டதிலிருந்து அப்பாவின் கடைக் கணினி ஃபோல்டரையும் காணவில்லை, பிரிண்டரையும் காணவில்லை என்கிறது; அது மிகப் பழைய கணினி; நான்தான் வேண்டுமென்றே தடுத்துவிட்டேன் என்று அப்பா என்னோடு பேசுவதில்லை, உதவுங்கள் என்றாள்.

தம்பி ஒரு நொடி யோசிக்கவில்லை. இதே கேள்விக்கு எத்தனை பேருக்குப் பதில் சொன்னவர்! 'புதுப் பதிப்பு பழைய பாஷையில் பேசும் கணினிகளை உள்ளே விடாது. அந்த வழியாகத் திருடர்கள் நுழைவதால் நாங்கள்தான் அதை மூடினோம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் திறந்துகொள்ளும். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், யாரும் அவரைத் தடுக்கவில்லை...'

விரல் அப்படியே நின்றுவிட்டது.

மூடலாமா வேண்டாமா என்று குழுவில் விவாதம் நடந்தபோது, மூடு மூடு என்று எல்லோரையும்விடக் கூவியவர் இவர். புதுப் பதிப்பு வந்த அன்றே சமர்த்தாகத் தன் வீட்டிலும் போட்டுக்கொண்டவரும் இவர். உலகத்திலுள்ள பழைய கணினிகளையெல்லாம் எண்ணிப் பார்த்த மனுஷனுக்கு, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஒன்று நினைவுக்கு வரவில்லை. ஏனென்றால் அதை அவர் கணினி என்றே நினைத்ததில்லை, அது அக்கா. ஊருக்குத்தான் உபதேசம்! பதிப்பைப் போட்டதற்கு மறுநாளிலிருந்துதான் பிரிண்டர் உறுமவில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்த ஒரு வரியைச் சேர்த்தார். அந்த மென்பொருளை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, யாரும் இல்லாத மாடியிலிருந்து ஏதோ வந்து சேர, அறை மூலையில் நின்ற பிரிண்டர் உறுமியது.

அக்காவின் மெஷினில் இத்தனை நாளும் வரிசையில் காத்துக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் ஒரு சட்டைக் கை. ஓரத்தில்: 'அவசரம் இல்ல.' அடுத்து அதே கை: 'முதல்ல அனுப்பினது வரலையா?' அடுத்து ஒரு கழுத்துப்பட்டை: 'படியில எதுவும் வைக்கல. கோபமா?' அதற்கப்புறம் பேட்டர்னே இல்லை, வெறுந்தாளின் ஓரத்தில், பழக்க தோஷம், அதே பொடி எழுத்து: 'ஏன்டா, திட்டணும்னா திட்டு. ஃபோல்டரையும் சாத்தி பிரிண்டரையும் சாத்தற அளவுக்கா?' அடுத்தது: 'காய்ச்சல் அடிக்குது. ஒரு தடவை மேல வந்து எட்டிப் பாரு.'

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரிண்டர் அதற்காக நிற்கவில்லை.

கடைசித் தாள் நீளமாக வந்தது. 'பாப்பா முழுகாம இருக்கா. வரச் சொல்றா, போறேன். அவ நல்லா இருக்காடா. நீ அனுப்பினது தப்பில்ல, எங்கிட்ட மறைச்சதுதான் தப்பு. இதைக் கதவைத் தட்டி சொல்லலாம்னு நினைச்சேன், நீ சாத்தின கதவை நான் எப்படித் தட்டறது? மெஷினை அணைக்காம போறேன். என்னைக்காவது திறந்து விட்டா இது வரும். வந்தா ஃபோன் பண்ணு.'

ஃபோன் பண்ணினார். பல மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"அக்கா" என்றார். குரல் கரகரத்தது.

"இப்பதான் திறந்தியா?"

"நான் சாத்தலக்கா. சத்தியமா சாத்தல. புதுசு போட்டேன், உன் மெஷின் பழசுன்னு அதுவா சாத்திக்கிச்சு. எனக்குத் தெரியலக்கா. மருந்து வேணுமான்னுகூட எழுதிப் போட்டேன்..."

"எங்க போட்ட?"

"ஃபோல்டர்ல."

அக்கா சிரித்தாளா, அழுதாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

"இருமல் காதுல விழுந்துச்சு இல்ல?"

"விழுந்துச்சு."

"படியேறி வந்திருக்கலாமேடா."

எந்த வரியைச் சேர்த்தாலும் அதற்குப் பதில் வராது.

"எப்பக்கா வருவ?"

"குழந்தை பிறக்கட்டும். பிறந்து, கொஞ்சம் நடக்கட்டும். மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டா பாப்பா ஒத்தையில கஷ்டப்படறா." அப்புறம், "சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார். "மேல போயி மெஷினை அணைச்சிடு. சாவி பூந்தொட்டிக்குக் கீழ இருக்கு."

"சரிக்கா."

தம்பி படியேறினார். எத்தனை சின்னப் படி என்று ஏறும்போதுதான் தெரிந்தது. அக்காவின் அறையில் கத்தரி, அளவு நாடா, கட்டிலருகே காலி மாத்திரை அட்டை. மெஷின் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து 'வீடு' ஃபோல்டரைத் திறந்தார். இப்போது திறந்தது. உள்ளே புதிதாக ஒரு கோப்பு, யாரும் இன்னும் படிக்காதது.

'இருமல் கேக்குது. மருந்து வாங்கிட்டு வரவா?'

அதை அவள் இடத்திலிருந்து படித்தார். அப்புறம் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மெஷினை அணைக்கவில்லை.