புளி தேய்த்த சாளக்கிராமம்

கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை காலை, கட்டிலடியில் வைத்திருந்த கல்லைக் காணாமல் வீட்டையே இரண்டாக்கினேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம். நான் நிலவியல் ஆராய்ச்சி மாணவி. மயிலாப்பூரில் வேம்பு மாமி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து பெயர்த்து வந்த உருண்டை அது. பழைய கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசி படலம் படலமாகச் சுற்றி வளர்ந்து உண்டான கல் என்பது என் கட்சி. அலையில் உருண்ட வெறும் கூழாங்கல் என்பது பேராசிரியர் கஸ்தூரிரங்கனின் கட்சி. உள்ளே முழு வளையங்கள் இருப்பதை அன்று மாலைக்குள் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சித் தலைப்பு போச்சு. கல் அறுக்கும் இயந்திரமோ பழுது.

"மாமி, என் கல் எங்கே?"

"கல்லுன்னு சொல்லாதேடி! சாளக்கிராமத்தைப் போய் செருப்புப் பக்கத்துல போட்டிருந்தியே. ஒரே அழுக்கு. நேத்து விளக்கோட சேர்த்துப் புளி தடவி ஊற வச்சு நன்னாத் தேச்சேன். மாமா திருமஞ்சனமே பண்ணிட்டார்."

புளியா! சுண்ணாம்புக் கல்லைப் புளிப்பு அரித்துவிடுமே. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"வாய்க்குள்ள சக்கரம் எவ்வளவு தெளிவாத் தெரியறது பாரு!" என்று பூஜை அறைப் பீடத்தைக் காட்டினாள் மாமி.

சாளக்கிராமத்துக்கு வாயும் அதற்குள் சக்கர ரேகையும் இருக்கும் என்பார்கள்; என் சுத்தியல் பட்டுச் சில்லு பெயர்ந்த இடத்தைத்தான் வாய் என்கிறாள். குனிந்து பார்த்தேன். புளி மெத்தென்ற அடுக்குகளைத் தின்றுவிட்டுக் கெட்டியானதை விட்டுவைத்திருந்தது. வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொன்று! மாமியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். மடி போச்சு என்று அவள் அலறினாள்.

ஆனால் கல்லை வாசற்படி தாண்ட விடவில்லை. "பெருமாள் எங்கேயும் வரமாட்டார். உங்க சாரை வரச் சொல்லு."

பஸ் பிடித்து ஓடி, சாரைக் கையோடு அழைத்து வந்தேன். கால் அலம்பிக்கொண்டு பூஜை அறைக்குள் போனவர், பீடத்தின் முன் குப்புறப் படுத்து லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"நடுவுல குட்டிச் சிப்பி. அதைச் சுத்தி ஒரு வளையம்கூட அறுபடலை," என்றார் மெதுவாக. "தேய்ஞ்ச கல்லுன்னா இப்படி இருக்காது. பாசிதான். ஜெயபாரதி, நான் சொன்னது தப்பு."

அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டறியாத சொல்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமி பொங்கல் கிண்ணத்தோடு பின்னால் நின்றாள். "பெருமாளண்டை விழுந்து தப்பை ஒத்துண்டாச்சு, போறும். எழுந்திருங்கோ, பொங்கல் ஆறிடும்."