வலாசி கழுவிய கால்

இந்தக் காலத்துப் போதகர்களுக்குப் பிரசங்கம் செய்தால் மட்டும் போதவில்லை. மனுஷனைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழவர் அலபாத்தியின் அப்பா காலத்துப் போதகர் பாவத்தைப் பற்றிப் பேசுவார், நரகத்தைப் பற்றிப் பேசுவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்றியின் முதுகுக்கறியை ஒற்றை ஆளாகத் தின்று முடித்துவிட்டுக் குறட்டை விடுவார். ஊரும் நிம்மதியாக இருந்தது. இப்போது வந்திருக்கும் பெனியமினா போதகரோ விருந்தில் கீரையைத் தேடுகிறார். போதகர் வீட்டுக்கு ஊரார் கொண்டுபோகும் டின் இறைச்சியைப் பார்த்து, பாம்பைப் பார்த்தவர் மாதிரி முகத்தைச் சுளிக்கிறார். ஊரார் கொண்டுவந்ததைக் குறை சொல்கிற போதகரை இந்தச் சவாயித் தீவு இதுவரை கண்டதுண்டா?

அந்தத் தராசை சர்ச்சின் பின்கூடத்தில், பாட்டு எண் எழுதும் பலகைக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பெண்களெல்லாம் அதன்மேல் ஏறி, முள் போய் நிற்கிற இடத்தைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்புறம் மைதானத்தைச் சுற்றி நடை. அப்புறம் வட்டமாக உட்கார்ந்து மனசில் கிடப்பதைச் சொல்வது. கடைசியில் ஜெபம். "உடம்பு, மனசு, ஆவி மூணும் ஆண்டவர் குடுத்தது. ஒண்ணப் பாத்து ஒண்ண விட்டா மூணும் கெட்டுடும்" என்பார் போதகர்.

"மனசுல கெடக்குறத வட்டமா ஒக்காந்து கொட்டுறதுக்குப் பேரு ஊர்வம்பு" என்று அலபாத்தி தன் மனைவி சியேனியிடம் சொன்னார். "இன்னைக்கு நீ சொல்லு. ஞாயித்துக்கிழம அப்படியே பிரசங்கத்துல வரும். பேரு மட்டும் இருக்காது."

"வந்தா வரட்டும் கெழவரே. ஊருக்குத் தெரியாத சங்கதி நம்மகிட்ட என்ன இருக்கு?"

சியேனிக்குச் சர்க்கரை வியாதி. அது இல்லாத வீடு ஊரில் எது? ஆனால் அவளுடைய வலது காலின் பெருவிரலில் எரிமலைக் கல் ஒன்று கீறிவிட்டது, மழைக்காலம் முடிந்தும் புண் ஆறவில்லை. வியாழக்கிழமைகளில் வேனில் வரும் நர்ஸ் ரெபெகா அந்த விரலை அழுத்திப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள்.

"பெரியம்மா, தெனமும் கழுவணும். வெரலுக்கு நடுவுல ஈரம் நிக்கக் கூடாது. சுத்தத் துணி கட்டணும். வாயையும் கட்டணும். இது இப்படியே கருத்துக்கிட்டே போச்சுன்னா கப்பல்ல ஏத்தி ஆப்பியா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். அங்க வெரலோட நிறுத்துவாங்களா, காலோட நிறுத்துவாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

அலபாத்தி தன் வயசில் எத்தனையோ பேரை இரண்டு காலோடு கப்பலேற்றிவிட்டு ஒற்றைக் காலோடு இறக்கியிருக்கிறார். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளெல்லாம் கடல் தாண்டி ஆக்லாந்தில். தானே கழுவலாமென்றால், கிட்டத்துப் பார்வை போய் ரொம்ப நாளாகிறது. புண் எது, நகம் எது என்று அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் போதகர் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். நோயாளி இருக்கும் வீட்டுக்கு வேறொரு வீடு துணை. எந்த வீட்டுக்கு எந்த வீடு என்பது ஓலைக்கூடையில் சீட்டுப் போட்டு எடுப்பது. அலபாத்தி வீட்டுக்கு விழுந்த சீட்டைப் பிரித்து, போதகர் கோலோனே வீட்டின் பேரை வாசித்தார். கூடத்தில் தலைகளெல்லாம் அலபாத்தி பக்கம் திரும்பின.

கோலோனே அடுத்த வீட்டுக்காரன். இரண்டு வீட்டுக்கும் நடுவிலே ஒரு துண்டு நிலம், அதில் ஓர் ஈரப்பலா மரம் நின்றது. ஒருநாள் கோலோனேயின் அப்பா அதைக் கேட்காமல் வெட்டினார். நிலம் யாருடையது என்ற சண்டை அன்று தொடங்கியது. கிழவர் செத்தும் முடியவில்லை. சாயங்காலம் சங்கு ஊதி இரண்டு வீட்டிலும் ஜெபத்துக்கு உட்கார்ந்தால், சுவரில்லாத வீடுகள் என்பதால் ஒரு வீட்டு ஜெபம் மற்ற வீட்டுக்குக் கேட்கும். பிறத்தியாரை மன்னிக்கிறோம் என்று ஜெபத்தில் சொல்கிற இடம் வரும்போது மட்டும் இரண்டு வீட்டிலும் குரல் தாழ்ந்துவிடும்.

மறுநாள் காலையில் கோலோனேயின் பெண்சாதி வலாசி ஒரு தட்டத்தோடும் துணிச்சுருளோடும் வந்து நின்றாள். பருத்த உடம்பு, கணீரென்ற தொண்டை.

"பெரியவரே, வரலாமா?"

"படியேறி நின்னுக்கிட்டு வரலாமான்னு கேக்குற."

"எறங்கிப் போயி மறுபடி கேக்கட்டுமா?"

சியேனி உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். வலாசி நேராகப் போய் அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெந்நீர் சூட்டை முழங்கையில் தொட்டுப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவினாள், ஒற்றி எடுத்தாள், கட்டினாள். பிறகு இரண்டு பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்கள். தினமும் இதேதான். அலபாத்தி தூணில் சாய்ந்து தேங்காய் நாரைத் திரித்துக்கொண்டே அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார்.

அவருக்குத் தெரியாதா என்ன? பணிவிடை செய்கிறவன் கைக்குத்தான் பட்டம் வரும் என்பது இந்த மண்ணின் வழக்கம். அவருடைய பெரியப்பா படுக்கையில் விழுந்தபோது ஊட்டிவிட்டது யார்? மலஜலம் எடுத்தது யார்? இதே மாதிரி மடியில் வைத்துக் கால் கழுவியது யார்? பெரியப்பாவுக்குச் சொந்த மகன்கள் இருந்தும் குடும்பத் தலைவர் பட்டமும் நிலமும் அலபாத்திக்கு வந்தது சும்மாவா வந்தது? இன்றைக்குக் கால் கழுவுகிறவள், நாளைக்குப் பஞ்சாயத்தில் எழுந்து நின்று, 'அந்த வீட்டுக்கு நாதியில்லாதப்ப நாங்கதான் பாத்தோம், அந்தத் துண்டு நிலத்தை விடுங்க' என்பாள். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அதற்கு ஒரே வழிதான். பணிவிடையைக் கடனாக நிற்க விடக் கூடாது. கழுவக் கழுவக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும்.

முதல் வாரமே ஒரு வாளி உப்பு மாட்டிறைச்சி வாங்கினார். வாளியின் மூடி தளர்ந்திருந்ததால் தன் கையால் திரித்த கயிற்றைச் சுற்றித் தனக்கே உரிய முடிச்சைப் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோலோனே வீட்டு வாசலில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவர்களால் முடியுமா? சொன்னால் அவமரியாதை. வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் அதைவிடக் கேவலம். மறுநாள் வலாசி தட்டத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்ட இனிப்பு பன்னும் கொண்டுவந்தாள். இவர் விடுவாரா? பெரிய டின் பிஸ்கட் போயிற்று. அங்கிருந்து ஒரு பானை கோகோ, கரண்டி நிற்கிற அளவுக்குச் சர்க்கரை போட்டு வந்தது. இங்கிருந்து பன்றிக்குட்டி. அங்கிருந்து மறுபடி பன், இந்தத் தடவை இரண்டு தட்டு. ஊரே வேடிக்கை பார்த்தது. வந்த பண்டத்தை வீணாக்கினால் அனுப்பியவர்களுக்கு அவமானம் என்று சியேனி ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இனிப்பு அவளுக்கு ஆகாது என்று தெரிந்த அலபாத்தியும் 'ஒண்ணே ஒண்ணு' என்று கையில் எடுத்துக் கொடுப்பார். சாப்பிடுகிறாளே என்று அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஒரு வியாழக்கிழமை சர்ச்சுப் பின்கூடத்தில் ரெபெகா சியேனியின் கைவிரலில் ஊசி குத்திப் பார்த்தாள். சர்க்கரை பார்க்கும் கருவியை உதறிவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள்.

"என்ன பெரியம்மா இது? சர்க்கரை ஏறியிருக்கு, பிரஷர் ஏறியிருக்கு, காலு வீங்கிக் கெடக்கு. வெரல் ஓரம் கருக்குது. அடுத்த வியாழக்கிழம இப்படியே இருந்துச்சுன்னா கப்பல்தான். நான் போன் பண்ணிச் சொல்லிடுவேன்."

அலபாத்தி எழுந்தார். பின்கூடத்தில் போதகர், போதகரம்மா, பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். வலாசி தராசின் பக்கத்தில் நின்றாள். அவர் கைத்தடியை அவளுக்கு நேரே நீட்டினார்.

"இவ கை பட்ட நாள்லேருந்துதான் ஏறுது. அதுக்கு முன்னாடி புண்ணு மட்டும்தான் இருந்துச்சு. தண்ணியில என்னடி போடுற?"

"பெரியவரே!" என்றார் போதகர்.

"நீங்க சும்மா இருங்க போதகரே. அத்தன வீடு இருக்க இந்த வீட்டுச் சீட்டு எப்படி விழுந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே சந்தேகம்."

போதகரின் முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வலாசி முன்னே வந்தாள்.

"சந்தேகம் சரிதான். சீட்டு ஒண்ணும் விழல. நாந்தான் அந்த வீடு எனக்கு வேணும்னு கேட்டேன். அவரு சீட்ட உள்ளங்கையில வச்சுக்கிட்டுக் கூடைக்குள்ள கைய விட்டாரு."

கூடத்தில் ஒருத்தி 'அடப்பாவமே' என்றாள். போதகரம்மா போதகரைப் பார்த்த பார்வையில், இது அவளுக்கும் புதுச் செய்தி என்று தெரிந்தது.

"பாத்தீங்களா!" அலபாத்தி கைத்தடியால் தரையில் தட்டினார். "எதுக்குக் கேட்ட? சொல்லு. நெலத்துக்குத்தான?"

"ஜெபத்துக்கு. தெனம் சாயங்காலம் அந்த மன்னிக்கிற எடம் வந்தா எனக்குத் தொண்டையில மீன்முள்ளு மாட்டுன மாதிரி இருக்கு. உங்க குரலும் அங்கதான் எறங்குது, எனக்குக் கேக்காமலா இருக்கு? எத்தன வருஷந்தான் முள்ள முழுங்குறது? அக்கா கால்ல புண்ணுன்னு கேட்டேன். இதுதான் சமயம்னு வந்தேன். நெலம் வேணும்னா வாயத் தொறந்து கேக்கத் தெரியாதா எனக்கு? என் வாயப் பத்தி ஊருக்கே தெரியும்."

யாரோ சிரித்தார்கள். போதகரம்மா பேச்சை மாற்றுகிறவள்போல மூலையிலிருந்து ஒரு வாளியை இழுத்துவந்தாள்.

"பெரியவரே, கோவத்த விடுங்க. காணிக்கையா இது வந்துச்சு. எங்க வீட்ல நாங்க இதத் தொடுறதில்ல. பெரியம்மா ஒடம்பு தேறட்டும்னு உங்களுக்கு எடுத்து வச்சேன்."

அலபாத்திக்குப் புண் தெரியாது, நகம் தெரியாது. ஆனால் தன் முடிச்சை அவர் விரல் அறியும். தடவிப் பார்த்தார். அவர் திரித்த கயிறு, அவர் போட்ட முடிச்சு. பிரிக்கக்கூட இல்லை.

"இத யாரு உங்களுக்குக் குடுத்தது?"

"நாந்தான்" என்றாள் வலாசி. "கோலோனேக்கும் பிரஷர். வீட்ல வச்சா திம்பாரு. தூக்கி எறிய முடியுமா, நீங்க குடுத்தது? அதான் போதகர் வீட்ல வச்சேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சியேனி கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அவ தண்ணியில ஒண்ணும் போடல கெழவரே. நீங்க அனுப்புறீங்க. அவ திருப்புறா. ரெண்டு வீட்டு மானமும் என் வயித்துக்குள்ளதான் போயி விழுது. நீங்க அனுப்புறத நிறுத்துனாத்தான் அவ சுடுறத நிறுத்த முடியும்."

"நிறுத்துனா? அவ தெனம் வந்து கழுவுவா, நான் கையக் கட்டிக்கிட்டு வாங்கிக்கணுமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஒத்தக்கால் பொண்டாட்டிக்காரன்னு சொல்றதுக்கு அது தேவலாம்."

அந்த வாரம் அலபாத்திக்கு நரகமாகப் போயிற்று. வலாசி வருவாள், கழுவுவாள், கட்டுவாள், போவாள். தட்டத்தில் பன் இல்லை. அவர் கையிலும் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு ஒரு பெண்பிள்ளையை வாசல் தாண்டிப் போகவிடுவது அவருக்கு வேட்டியில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது. ஒருநாள் தாங்காமல் ஒரு சீப்பு வாழைக்காயை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். சியேனி உள்ளேயிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "கப்பல்." திரும்பி வந்து காயைப் பன்றிக்குப் போட்டார். அடுப்பில் கீரையை வேகவைத்து மீனைச் சுட்டார். சியேனியின் பங்குக் கிழங்கில் பாதியைத் தானே தின்றார்.

வியாழக்கிழமை ரெபெகா ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் எறங்கியிருக்கு. இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். பிறகு ஒரு வியாழக்கிழமை கட்டைப் பிரித்து, அலபாத்தியின் கையைப் பிடித்து அந்த விரலின்மேல் வைத்தாள். கதகதப்பாக இருந்தது. ஓரத்தில் புதுத்தோல் வழவழவென்று பட்டது. "கப்பல் இல்ல, பெரியவரே" என்றாள்.

அவர் கையை உடனே எடுக்கவில்லை.

போதகர் அவரைக் கூடத்துக்கு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போனார். "பெரியவரே, இன்னைக்கு வட்டத்துல நீங்க ரெண்டு வார்த்த சொன்னா நல்லாயிருக்கும்."

"எதப் பத்தி?"

"கைம்மாறு குடுக்காம வாங்கிக்கிட்டீங்களே, அதப் பத்தி. கிருபைங்கறது அதான. நான் பத்து பிரசங்கம் பண்ணாலும் ஊருக்கு வெளங்காது. நீங்க சொன்னா வெளங்கும்."

"சீட்ட உள்ளங்கையில ஒளிச்சீங்களே, அதயும் சேத்துச் சொல்லவா?"

போதகர் தலையைச் சொறிந்தார். "அத நான் போன வாரமே வட்டத்துல சொல்லிட்டேன். பொம்பளைங்க ஜெபம் பண்ணாங்க."

"போதகரே, நீங்க நல்லவரு. நெறைய படிச்சவரு. ஆனா நான் கால் கழுவிப் பட்டம் வாங்குனவன். கைம்மாறு இல்லாம இந்த ஒலகத்துல இலை அசையாது."

"வலாசி இதுவரைக்கும் உங்ககிட்ட எதாவது கேட்டிருக்காளா?"

"கேக்கல. அதான் பயமா இருக்கு."

உள்ளே பெண்கள் சியேனியைத் தராசில் ஏற்றிவிட்டுக் கைதட்டினார்கள். வலாசியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. போதகர் கூப்பிடக் கூப்பிட அலபாத்தி கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அந்தத் துண்டு நிலம். வலாசி தினமும் வந்துபோனதில் புல் படுத்து, அவள் வாசலிலிருந்து அவர் வாசல் வரைக்கும் ஒரு தடம் விழுந்திருந்தது. அலபாத்தி நின்று பார்த்தார். ஆள் நடந்தால் தடம். தடம் நிலைத்தால் பாதை. பாதை நிலைத்தால் பஞ்சாயத்து. 'இன்னும் ஒரு வருஷம் போகட்டும், அப்பத் தெரியும்' என்று முனகினார்.

தடத்தின் நடுவில் கூரான எரிமலைக் கல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. கைத்தடியால் நெம்பி அதை ஓரத்தில் தள்ளினார். தன் காலிலேயே குத்திவிட்டால் அப்புறம் இன்னொருத்தி தட்டத்தோடு வந்து நிற்பாள். ஆகாது. சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்.