மூன்றாவது கேமராவின் மணி

நாடகங்களை வீடியோ எடுத்துத் தொகுப்பதால் நாடக அரங்கில் எல்லோருக்கும் அவள் எடிட்டர் அக்கா. அந்தப் பெயரை முதலில் வைத்தவன் அங்கே விளக்குப் போடும் அவளுடைய சொந்தத் தம்பிதான். அவனுக்கு வேலை போய் இருபத்து மூன்று நாள். அவன் அவளோடு பேசி இருபத்திரண்டு நாள்.

கடைசிக் காட்சி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், மேலே தொங்கிய விளக்குச் சட்டம் கயிறு நழுவி மேடையில் விழுந்தது. அப்போது மணி ஏழு நாற்பத்திரண்டு. நடிகைக்குத் தோள் பிசகியது. கயிறு தம்பியின் பொறுப்பு. "அந்த நிமிஷம் உங்க தம்பி எங்க இருந்தான்னு மட்டும் எனக்குக் காட்டுங்க" என்றார் மேனேஜர்.

எடிட்டர் அக்கா மூன்று கேமராக்களிலும் பதிந்திருந்த மணியில் ஏழு நாற்பத்திரண்டைத் தேடி, கேமராவுக்கொரு படமாக நிறுத்தி எடுத்துக் கொடுத்தாள். முதல் இரண்டில் சட்டம் மேடையில் கிடந்தது. மூன்றாவது கேமரா, மேடையின் பக்கவாட்டில் கயிறு கட்டியிருந்த சுவரைப் பார்த்து வைத்தது. அதில் கயிற்றருகே ஈ காக்கை இல்லை. பின்னால் திறந்திருந்த கதவுக்கு வெளியே தம்பி டீயும் கையுமாக நின்றான்.

"நான் கயித்துகிட்டதான்க்கா இருந்தேன்."

"கேமரா பொய் சொல்லுமாடா?"

சொந்தத் தம்பி என்று பாராமல் நியாயமாக நடந்துகொண்டதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தது.

இன்று காலை முழு நாடகத்தையும் ஒரே வீடியோவாகச் சேர்க்க உட்கார்ந்தாள். நாடகம் தொடங்கும் முன் மூன்று கேமராக்களுக்கும் கேட்கும்படி அவளே ஓங்கிக் கை தட்டுவது வழக்கம். அந்தத் தட்டலை ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்திவிட்டால் மூன்றும் ஒன்றாக ஓடும். ஆனால் மூன்றாவது கேமராவுக்கு நடுவில் பேட்டரி தீர்ந்து, மாற்றி, மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. அந்தப் பதிவில் கைதட்டல் இல்லை.

அதனாலென்ன, சட்டம் விழுந்த சத்தம் இருக்கிறதே! அதைவிடப் பெரிய கைதட்டல் உண்டா? முதல் இரண்டு கேமராக்களின் ஒலிக்கோட்டிலும் அது குத்திட்டு நின்றது. மூன்றாவதில் ஏழு நாற்பத்திரண்டில் ஒன்றுமே இல்லை. மைக் கெட்டிருக்கும் என்று சலித்துக்கொண்டே கோட்டை முன்னால் நகர்த்திக்கொண்டு போனாள்.

ஏழு ஐம்பத்திரண்டில் அது குத்திட்டு நின்றது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்றாவதைப் பத்து நிமிடம் பின்னால் இழுத்துப் பார்த்தாள். வசனம், சிரிப்பு, இருமல் எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தின. டீ குடித்த தம்பி இப்போது ஏழு முப்பத்திரண்டுக்குப் போய்விட்டான். முதல் கேமராவில் அப்போது திரை இறங்கியிருந்தது. இடைவேளை. அரங்கமே டீ குடித்த நேரம்.

விழுந்த நிமிடத்தைத் திரையில் மூன்று சதுரங்களாக ஒரே நேரத்தில் ஓடவிட்டாள்.

தம்பி கயிற்றருகே நின்றான். சுவரில் இருந்த கொக்கி பிய்த்துக்கொண்டது. ஓடிய கயிற்றின்மீது அவன் பாய்ந்து விழுந்து பிடித்தான். கயிறு அவனையும் இழுத்தது. சுவரில் காலை உதைத்து நிறுத்தினான். அதே நொடியில் முதல் கேமராவில் சட்டம் அந்தரத்தில் நின்றது. நடிகை நிமிர்ந்து பார்த்தாள், விலகினாள். அதற்குப் பிறகுதான் கயிறு தம்பியின் கையிலிருந்து உருவிக்கொண்டு போக, சட்டம் அவள் தோளை இடித்துக்கொண்டு விழுந்தது. மூன்றாவது கேமராவில் தம்பி உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான். தோல் உரிந்து ரத்தமாக இருந்தது.

"அய்யோ" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

மறுநாள் இரண்டு கையிலும் கட்டோடு வந்தவனிடம் அவள் என்ன கேட்டாள்? "ஏன்டா, டீ கொட்டிடுச்சா?" என்று கேட்டாள். அன்றைக்குப் போனவன்தான்.

பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது? பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பழைய கேமராவில் மணி அழிந்துவிடும். புது பேட்டரி போட்டு மணி வைத்தது யார்? அவளேதான். எதைப் பார்த்து? தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து. எங்கும் தாமதமாகிவிடக் கூடாதென்று பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் கடிகாரம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடும். வீட்டில் அதை வைத்து அவளைக் கிண்டல் செய்யாத ஆளில்லை.

மூன்று சதுரங்களையும் மேனேஜருக்கு அனுப்பினாள். "தப்பு என்னுடையது, தம்பியுடையது இல்லை" என்று எழுதினாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். நாலாவது தடவை எடுத்தான்.

"மூணாவது கேமரால மணி தப்புடா. பத்து நிமிஷம். நான்தான் வச்சேன்."

அவள் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என் வாட்ச்சைப் பாத்து வச்சுட்டேன்டா..."

வழக்கமாக இந்த இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். இன்று மூச்சு மட்டும் கேட்டது.

"கை எப்படிடா இருக்கு?"

"இப்பவாவது கேட்டியே" என்றான். "அன்னைக்கு வாட்ச்சைப் பாத்த, கேமராவைப் பாத்த. உன் முன்னாடிதானேக்கா நீட்டிக்கிட்டு நின்னேன். ஒரு தடவை கட்டைப் பிரிச்சு என் கையைப் பாத்திருக்கலாமே?"

போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். அவன் வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.