தனியாக என்று சொல்ல வராத வாய்

சனிக்கிழமை கப்பல். சந்திரமதியின் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் பொன்னுதுரை, டிக்கெட்டையும் எடுத்துவிட்டார். செங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, மலாக்கா டவுனைத் தவிர வேறு ஊரே பார்த்திராதவளை, இந்தியாவில் இருக்கும் மாமியாருக்குச் சம்பளமில்லாத வேலைக்காரியாக அனுப்பி வைக்கத்தான் இத்தனை அவசரம். புருஷன் சிங்கப்பூருக்குப் போய் மூன்று வருஷம். ஒரு கடிதாசி இல்லை. அவனைத் தேடிப் பிடிக்கத் துப்பில்லாத அண்ணனுக்கு, டவுனில் காஜா பெராங் பக்கம் ஒற்றை அறையில் துணி தைத்துக் கஞ்சி குடிக்கிற தம்பி பெண்டாட்டிதான் கண்ணை உறுத்தினாள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இவள் இருந்த சந்துக்குள் வர அதற்கு வழி தெரியவில்லை போலும்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. செமாபோக் பக்கம் ஒரு வெள்ளைக்காரி நடத்திய பிரசவ விடுதியில் ஆயா வேலை, தங்க இடமும் உண்டு. அங்கே சேர்ந்துவிட்டால் வாசலில் போய்ச் சத்தம் போடும் தைரியம் பொன்னுதுரைக்குக் கிடையாது. ஆனால் இங்கிலீஷ் பேச வேண்டும். அதோடு ஒரு விதியும் இருந்தது. தனியாக வாழ்கிற பெண் என்றால் அவள் கையெழுத்தே போதும். புருஷனோடு இருக்கிறவள் என்றால் அவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த வீட்டு மும்தாஜ் கான்வென்ட்டில் ஏழாவது வரை படித்தவள், இவள் வயதுதான். இரண்டு வாரமாக அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

“ஐ லிவ் பை மைசெல்ஃப். தனியா இருக்கேன். ஐ குக் ஃபார் மைசெல்ஃப். எனக்காக ஆக்கிக்கிறேன். ஐ டாக் டு மைசெல்ஃப். எனக்குள்ளயே பேசிக்கிறேன். எங்க, சொல்லு.”

“ஏன்டி, எதுக்கெடுத்தாலும் இந்த மைசெல்ஃபையும் இழுத்துக்கிட்டுப் போகணுமா? வெறும் மீ போதாதா?”

“போதாது லா. செய்யறவளும் நீதான், யாருக்காகச் செய்யறியோ அவளும் நீதான். அப்ப மைசெல்ஃப்தான் வரணும்.”

சந்திரமதிக்கு இது புதுசு. இதுவரை அவள் ஆக்கிப் போட்டதெல்லாம் அப்பாவுக்கு, அண்ணன்மாருக்கு, அப்புறம் புருஷனுக்கு. தனக்காக என்று ஒரு வாக்கியம் வைத்துக்கொள்ளலாம் என்பதே இப்போதுதான் தெரிந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. உலை கொதிக்கும்போது ‘ஃபார் மைசெல்ஃப்’ என்று சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

முதல் வாக்கியம்தான் இடித்தது. கழுத்தில் தாலி இருக்கும்போது தனியாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால், அது பலித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சும்மா, படிக்கிறதுக்குத்தான்” என்று சாமிக்குத் தகவல் கொடுத்தாள்.

மும்தாஜ் தலையில் அடித்துக்கொண்டாள். “விட்டுட்டு ஓடினவனுக்கு இது ஒரு கேடா?”

புதன்கிழமை காலையில் விடுதிக்குப் போனார்கள். மும்தாஜ் வாசலிலேயே நின்றுகொண்டாள். விடுதியை நடத்திய அந்த வெள்ளைக்கார மேட்ரன் பருத்த உடம்பும் கனிந்த முகமுமாக இருந்தாள். கேட்டதற்கெல்லாம் சந்திரமதி பதில் சொன்னாள். ஆள் குறைந்தால் ஒருத்தியாகவே ஒரு வார்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்றதற்கு, “யெஸ் மேடம், பை மைசெல்ஃப்” என்றாள். மேட்ரனுக்கு ஒரே சந்தோஷம். விண்ணப்பப் பாரத்தில் பேனாவை வைத்து, யாரோடு வசிக்கிறாய் என்று கேட்டாள்.

இரண்டு வாரம் உருப்போட்ட வாக்கியம் தொண்டை வரை வந்தது. இது படிப்பு இல்லை, மையில் எழுதப் போகிறார்கள். அவன் எங்கேயோ ஒரு ரோட்டைக் கடந்துகொண்டிருப்பது போலவும், இவள் சொன்ன கணத்தில் லாரி வருவது போலவும் மனசுக்குள் ஓடியது. அவன் மேல் அவளுக்கு ஆசையும் இல்லை, மதிப்பும் இல்லை. ஆனாலும் நாக்கு எழவில்லை.

“வித் மை ஹஸ்பெண்ட்” என்றாள்.

“குட்!” மேட்ரன் அதை எழுதிக்கொண்டாள். வேலை உனக்குத்தான், வெள்ளிக்கிழமை அவனை அழைத்து வா, கையெழுத்துப் போடட்டும் என்று தோளைத் தட்டி அனுப்பினாள். சந்திரமதி வாயைத் திறப்பதற்குள் அடுத்தவள் உள்ளே வந்துவிட்டாள்.

வெளியே மும்தாஜ் விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப் போனாள். “அறிவு இருக்கா உனக்கு? திரும்பிப் போ. உண்மையைச் சொல்லு.”

“இப்பப் போய் மாத்திச் சொன்னா பொய்க்காரிம்பா. பச்சைப் பிள்ளைங்களைப் பொய்க்காரி கையில குடுப்பாளா?”

“சனிக்கிழமை கப்பலுடி!”

“தெரியும்.” சந்திரமதி பஸ் வரும் திசையைப் பார்த்தாள். “சிங்கப்பூருக்கு பஸ் எத்தனை மணிக்கு?”

“எங்கன்னு போய்த் தேடுவ? அந்தாளு இருக்கானா இல்லையான்னே...” மும்தாஜ் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சந்திரமதி ரோட்டோரக் கால்வாய்க் கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கையெழுத்து என்னவோ மும்தாஜின் கையில் இருப்பது போல அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“எனக்கு அவரு வேணாம் மும்தாஜ். வீட்டுக்கு வான்னு கூப்பிடல. ஒரு கையெழுத்து. அதைப் போட்டுட்டு எங்கயாவது போகட்டும். நான் தனியா இருக்கணும்னா அவரு வந்து ஒரு கையெழுத்துப் போடணும்டி.”