கையெழுத்து நேரம்

சித்தார்த்தன் சொந்த ஊரான கெடாருக்குள் கால் வைக்கக் கூடாது. திண்டிவனத்தில் தங்கி, தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். விழுப்புரம் நீதிமன்றத்தில் ஜாமீன் நிபந்தனைகள் வாசிக்கப்பட்டபோது, கணவன் வெளியே வருகிறான் என்பது மட்டுமே கலையரசியின் மனதில் பதிந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த விருத்தாசலமும் அதே சொற்களைக் கேட்டிருப்பார் என்பது பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. கரும்புக் கழனி வாய்க்கால் தகராறில் இறந்தவன் அவருடைய தம்பி. வழக்கில் சேர்க்கப்பட்ட ஐவரில் சித்தார்த்தன் ஒருவன். இனி அவன் எந்த ஊரில், எந்த வாசலில், எந்த நேரத்தில் நிற்பான் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையே பகையாளிக்கு இல்லை.

திண்டிவனத்தில் வாடகை அறையில் ஒண்டிக்கொண்டார்கள். முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, காவல் நிலையத்துக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் விருத்தாசலம் வந்து உட்காரத் தொடங்கினார். திட்டவில்லை, எழுந்து வரவுமில்லை; பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்று அவரோடு முன்பின் தெரியாத மீசைக்காரன் ஒருவனும் இருந்தான்.

கலையரசி வக்கீல் புகழேந்தியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"நிபந்தனைய மாத்தச் சொல்லி மனு போட்டிருக்கேம்மா. வியாழக்கிழமை விசாரணைக்கு வரும். அதுவரைக்கும் ஒரு நாளும் தவறக் கூடாது. தவறினா ஜாமீன் போயிடும்."

"உயிரு போயிட்டா சார்?"

"வியாழக்கிழமை வரைக்கும்தாம்மா" என்றுவிட்டு அவர் தொலைபேசியை வைத்தார்.

இன்று காலை சித்தார்த்தன் சட்டையை மாட்டும்போது அவள் கதவை மறித்துக்கொண்டாள்.

"நீங்க வர வேணாம். காய்ச்சல்னு நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"டாக்டர் சீட்டு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

வெளியே பூட்டிவிட்டால் யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தாள். கதவை ஒட்டிய ஜன்னலில் கை விட்டால் பூட்டு எட்டும்; சாவியை அதன் வழியே அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள்.

தேநீர்க் கடையைத் தாண்டும்போது விருத்தாசலத்தின் குரல் அவளை நிறுத்தியது.

"தனியா வந்துக்கீற. எங்க அவன்?"

"ஒடம்பு சரியில்லண்ணே."

அவர் முகம் தெளிந்தது. "இந்த ஒரு நாளுக்குத்தாம்மா இங்க குந்திக்கினு கெடந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"வெட்ட வந்தேன்னு நெனச்சியா? வெட்டிட்டு நானும் ஊரு ஊராப் போயிக் கையெழுத்து போடவா? ஒரு நாள் தவறட்டும், ஜாமீன ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டுடலாம்னு எங்க வக்கீலு சொன்னாரு. இவரு அவரோட குமாஸ்தா. சாட்சிக்கு."

மீசைக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். பத்தேகால் தாண்டியிருந்தது.

அவர் சொல்வது உண்மையானால் சித்தார்த்தன் இப்போதே கிளம்பியாக வேண்டும். உண்மையானால், நேரம் முடிவதற்கு முன் ஏன் வாய் திறந்தார்? வெற்றியை அடக்கிவைக்க முடியாமலா, அவனைத் தெருவுக்கு இழுக்கவா? அந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்தாள்.

"ஏங்க, ஆட்டோ புடிச்சு ஜல்தியா வாங்க. ரோட்டுல எறங்காதீங்க. ஸ்டேஷன் படி வரைக்கும் உட்டுடச் சொல்லுங்க."

பேசி முடித்ததும் அவர்கள் உட்கார்ந்திருந்த கடைப் பலகையிலேயே, இருவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"இங்க இன்னாத்துக்கு?" என்றார் விருத்தாசலம்.

"அவரு வர்றாரு. அதுவரைக்கும் குந்திக்கறேண்ணே."

முனையில் ஆட்டோ திரும்பியது. விருத்தாசலம் எழ முயன்றார். கலையரசி அவருடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மீசைக்காரன் எழுந்துவிட்டான், அவனைப் பிடிக்க அவளிடம் மூன்றாவது கை இல்லை. அவன் இரண்டடி எடுத்துவைத்து, சாலையோரத்தில் நின்றான். ஆட்டோ அவனைக் கடந்து வளாகத்துக்குள் நுழைந்தது. சித்தார்த்தன் தலையைக் குனிந்தபடி படியேறி உள்ளே மறைந்தான்.

விருத்தாசலம் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். கோபம்கூட இல்லாத குரலில் சொன்னார்:

"உடும்மா. நாளைக்கும் பத்தரை மணி வரும்."