கறிக்கடைக்காரனின் வலது கை

கறிக்கடைக்காரனின் வலது கை ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை திறப்பதற்குச் சற்று முன்னால், அவன் மனைவியின் இடது புஜத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அது அங்கிருந்து வரவே இல்லை. அந்த வாரம் ஆட்டுக்கறி விலை ஏறியிருந்ததால் தெருக்காரர்கள் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். கை விஷயம் ஞாயிற்றுக்கிழமைதான் பேச்சுக்கு வந்தது. கடைக்குப் போனவர்கள் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே கல்லில் செய்த சிலை மாதிரி கட்டைக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தார்கள்.

அது எப்படி நடந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. கட்டிலுக்கடியில் வைத்த வாளி நிரம்பி, தரையில் வழிந்து, வாசல்வரை போனது. அவள் பிழைத்து எழுந்தபோது டாக்டர் புருஷனைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை என்றால் தாயும் இருக்க மாட்டாள், பிள்ளையும் இருக்காது என்றார். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்று அவன் வெளியே வந்து பீடி பற்றவைத்தான். லாரி வைத்திருந்த அவன் தம்பிக்கு ஐந்து பிள்ளைகள். சின்னவனிடம் தோற்றுப்போவது அவனுக்குப் பிடிக்காது, சீட்டாட்டத்திலும் சரி, இதிலும் சரி. பிள்ளை தவழ ஆரம்பித்ததுமே அவன் அடுத்ததைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அவள் யாரிடமும் சொல்லாமல் சுகாதார நிலையத்துக்குப் போய், நர்ஸம்மாவிடம் கையை நீட்டினாள். நர்ஸம்மா தீக்குச்சி அளவுள்ள ஒரு மெல்லிய கருத்தடைக் குச்சியைப் புஜத்தின் உள்பக்கம், தோலுக்கடியில் செருகி ஒட்டுப்போட்டாள். ஐந்து வருஷத்துக்கு இது காவல், அதற்கப்புறம் வேறு வைக்க வேண்டும் என்றாள். அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இனி சாக மாட்டோம் என்று நினைத்துக்கொண்டே சோறு வடித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை சண்டை வேறொன்றுக்காக. சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு நடக்கும் வகுப்பில் அவள் பெயர் கொடுத்திருந்தாள். ஐந்தாவதோடு நின்றுபோன படிப்பைப் பத்தாவது வரை கொண்டுபோய்விட வேண்டும் என்பது அவள் எண்ணம். அவன் முதலில் கன்னத்தில் அறைந்தான், பிறகு அவள் தலையைக் குளிர்பெட்டியின் மூடியில் இரண்டு தடவை மோதினான், பிறகு புஜத்தைப் பிடித்துத் தெருப்பக்கம் இழுத்தான். அப்போது கட்டைவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. தொழிலில் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கறியில் கட்டியோ ஊசிமுனையோ விரலில் தட்டினால் விரலை எடுக்கக் கூடாது, எடுத்தால் அது நழுவிவிடும், அப்புறம் முழுத் தொடையையும் கிழித்தாலும் கிடைக்காது. அதனால் அவன் கையை எடுக்கவில்லை.

"என்னடி இது உள்ள?"

"குச்சி."

"என்ன குச்சி?"

"பிள்ளை வராம இருக்கறதுக்கு. நான்தான் வச்சுக்கிட்டேன்."

 இடது கையை நீட்டி, கட்டையில் கிடந்த சின்னக் கத்தியை எடுத்தான். வலது கட்டைவிரலை அசைக்காமல், அதற்குக் கீழே நான்கு விரற்கடை நீளத்துக்குக் கீறினான். இடது கை அவனுக்கு அவ்வளவு வாகு இல்லை. கத்தி எலும்புவரை போய்த் தட்டியது. அவள் அலறியதில் எதிர்த்த டீக்கடையில் கண்ணாடி தம்ளர் ஒன்று விழுந்து உடைந்தது. ரத்தம் இருவர் முழங்கையிலும் வழிந்தது. குச்சி இன்னும் உள்ளே, விரலுக்கடியில்தான் இருந்தது. பிடியை மாற்றலாம் என்று கையை எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை.

முதலில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு எண்ணெய், பிறகு சூடான தண்ணீர், அதில் இருவருக்கும் தோல் வெந்தது. லாரிக்காரத் தம்பி கயிறு கட்டி இழுத்ததில் அண்ணனின் தோள் இறங்கிப்போனது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இது ஒட்டவில்லை, வளர்ந்திருக்கிறது, ரத்தக்குழாய் அங்கிருந்து இங்கே போகிறது, அறுத்தால் ஒருவருக்குக் கை போகும் என்றார். "அப்ப அவ கையை எடுத்துடுங்க" என்றாள் மாமியார், கடையில் நெஞ்செலும்பு வேண்டாம் தொடை போடு என்று சொல்வது போல. டாக்டர் மாட்டேன் என்றார். மாமியார், தனக்குப் பிறந்தவை பதினொன்று என்றும் அதில் ஏழைப் புதைத்தது தன் கை என்றும், ஒரு நாளும் எந்த டாக்டரிடமும் வந்து நின்றதில்லை என்றும் அந்த அறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அதன் பிறகு அவர்கள் ஒன்றாகவே எழுந்தார்கள், ஒன்றாகவே குளித்தார்கள். முதல் வருஷம் அவன் இடது கையால் குத்தினான், முழங்காலால் இடித்தான், ஒரு தடவை காதைக் கடித்துக் கொஞ்சம் துப்பினான். ஆனால் அவளைத் தள்ளினால் அவனும் கூட விழ வேண்டியிருந்தது. மாடிப்படியில் ஒரு நாள் அவளை உதைத்ததில் இருவரும் உருண்டு, அவனுக்கு இரண்டு விலா எலும்பும் அவளுக்கு ஒரு பல்லும் போனது. கட்டிலில் அவள் வேண்டாம் என்று சொன்னதை அவன் என்றைக்கும் காதில் வாங்கியதில்லை. ஆனாலும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. குச்சி அவன் உள்ளங்கைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதை நெருங்க அவனாலேயே முடியவில்லை.

கடைக்குத்தான் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. வெட்டுகிற கை அவளிடம் மாட்டிக்கொண்டதால் வெட்டுகிற வேலை அவளிடம் போனது. அவன் இடது கையால் கறியைக் கட்டையில் பிடித்துக்கொள்வான், அவள் வலது கையால் கத்தியை இறக்குவாள். முதல் நாட்களில் அவன் முகம் வெளுத்துப்போய் நிற்கும். "பாத்துடி, பாத்து" என்பான். "அசையாம புடிங்க, ஒண்ணும் ஆகாது" என்பாள் அவள். கூட்டத்தில் நின்ற வம்புக்காரன் ஒருவன், "ஏண்ணே, அண்ணியை விட்டு ஒரு நிமிஷம்கூடப் பிரிய மாட்டீங்களா, நேத்துதான் கல்யாணம் ஆச்சா?" என்பான். வரிசையே சிரிக்கும். அவள் சிரிக்காமல் எலும்பை உடைப்பாள். கொஞ்ச காலத்தில் அவள் வெட்டு அவனுடையதைவிடச் சீராக இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். அது அவனுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

சாயங்கால வகுப்புக்கும் அவள் போனாள். போகாதே என்று அவன் தரையில் உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அடுப்பு மூட்ட மறுத்தாள். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு அவனே எழுந்தான். இருபது பெண்களுக்கு நடுவில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்காலை மடக்கிக்கொண்டு அவன் உட்கார்ந்தான். டீச்சர் அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கேள்வி கேட்டாள். "விடை தெரியலன்னா பக்கத்துல பாக்கக் கூடாது" என்றாள். தேர்வில் அந்த வகுப்பில் அவன் ஒருத்தன்தான் தேறவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளுடைய புத்தகங்களை அடுப்பில் போட்டு, கூடவே அவள் விரல்களையும் நெருப்பில் பிடித்தான். மூன்று நகங்கள் கருகி விழுந்தன. அடுத்த வருஷம் அவள் டீச்சரின் புத்தகத்திலேயே படித்துப் பத்தாவதையும் முடித்தாள்.

ஐந்து வருஷம் முடிகிற காலம் வந்தது. பழைய குச்சியை எடுக்க முடியாவிட்டால் போகட்டும், வலது கையில் புதிது வைத்துவிடலாம், காலம் தவறாமல் வந்துவிடு என்று கடைக்குக் கறி வாங்க வந்த நர்ஸம்மா சொன்னாள். சொன்னது அவன் காதிலும் விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும்? மறுநாள் அவன் சொன்னபடி தம்பி லாரிச் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்து, அண்ணனின் இடுப்பில் சுற்றி, கடையின் இரும்புத் தூணோடு சேர்த்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். சாப்பாடும் படுக்கையும் கடைக்குள்ளேயே வந்தன. அவனைக் கட்டினால் அவளையும் கட்டியது போலத்தான். மூன்றாம் நாள் நர்ஸம்மா குச்சியைப் பையில் எடுத்துக்கொண்டு அவளைத் தேடிக் கடைக்கே வந்தாள். தம்பி பையைப் பிடுங்கி வாசலில் கொட்டி மிதித்தான். பிறகு நர்ஸம்மாவின் தலைமுடியைப் பிடித்து முகத்தை ஷட்டரில் மோதினான். முன்பற்கள் இரண்டு எடைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்தார்கள், பிறகு மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

அன்று இரவு அவன் அவளைத் தொடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பழைய குச்சியின் காலம் முடிய அவன் காத்திருக்கிறான் என்று புரிந்தது. காலையில் ஷட்டர் இடுக்கு வழியே கடைக்குள் வெயில் விழுந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"வாங்க போலாம். உங்க தம்பிகிட்ட சாவி கேளுங்க. சின்ன ஊசி, அவ்வளவுதான். அப்புறம் உங்ககூடவே திரும்பி வந்துடறேன்."

"போலாம், போலாம். பத்து மாசம் கழிச்சுப் போலாம்."

"நான் செத்துப்போயிடுவேங்க. டாக்டர் உங்ககிட்டதானே சொன்னாரு."

"செத்தா கையாவது வருதான்னு பாப்போம்" என்று அவன் சிரித்தான். தொங்கிக்கொண்டிருந்த ஆட்டைக் கொக்கியிலிருந்து இறக்க உதவிக்கு அவளைக் கண்ணால் கூப்பிட்டான். கடை திறக்கிற நேரம்.

அவள் ஆட்டை இறக்கவில்லை. கட்டைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, இடது புஜத்தைக் கட்டையின் மேல் கிடத்தினாள். அவன் மணிக்கட்டும் கூடவே வந்து கட்டையில் விழுந்தது. அவள் தன் வலது கையால் கத்தியை எடுத்தாள். விளையாடுகிறாள் என்று அவன் ஒரு கணம் நினைத்தான். அடுத்த கணம் இடது கையால் அவள் கழுத்தைப் பிடித்து நெரித்தான், காலால் வயிற்றில் உதைத்தான், சங்கிலி தூணில் அடித்துச் சத்தம் போட்டது. அவள் மூச்சுக்கு இடமில்லாமல், "அசையாம வைங்க" என்றாள். முதல் வெட்டு சரியாக விழவில்லை. எலும்பில் பட்டுத் தெறித்தது, அவள் தோளிலும் ஒரு துண்டைப் பெயர்த்தது. இரண்டாவது வெட்டு அவன் மணிக்கட்டு மூட்டில் இறங்கியது. சுவரில் கூரைவரை ரத்தம் அடித்தது. கொக்கிகளும் தராசும் குளிர்பெட்டியின் வெள்ளை மூடியும் சிவந்தன. அவன் குரல் தெருமுனை தாண்டிக் கேட்டது.

கறி தொங்கவிடும் நூல்கயிற்றை எடுத்து அவன் முன்கையில் ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டினாள். பிறகு ஷட்டரைத் தூக்கி வெளியே வந்து, டீக்கடையைப் பார்த்து, "உள்ள ஆள் கிடக்கார். தூக்கிட்டுப் போங்க. சாவி அவர் தம்பிகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு தனியாக நடந்ததால் அவளுக்கு நேராக நடக்க வரவில்லை. பக்கத்தில் ஒருத்தருக்கு இடம் விட்டது போல ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனாள். கை அவள் புஜத்தில் இருந்தது. வெட்டுவாய் நடக்க நடக்கவே மூடிக்கொண்டது. சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா பஞ்சைக் கடித்த வாயோடு, ஒன்றும் கேட்காமல், அவள் வலது புஜத்தைத் துடைத்துப் புதுக் குச்சியை வைத்தாள். ஊசி ஏறியபோது இடது புஜத்திலிருந்த அந்தக் கை ஒருமுறை இறுகி, பிறகு தளர்ந்தது.

தம்பி சாவியோடு வந்து சேர்வதற்குள் ரத்தம் நிறையப் போயிருந்தாலும் கறிக்கடைக்காரன் பிழைத்துக்கொண்டான். ஏட்டு விசாரிக்க வந்தார். கையை வெட்டி எடுத்துவிட்டாள் என்று மாமியார் சொன்னாள். ஏட்டு அவள் புஜத்தைப் பார்த்தார். கை உயிரோடு இருந்தது, சூடாக இருந்தது, அவர் பேனாவால் தொட்டபோது விரலை மடக்கியது. இருக்கிற கையை இல்லாமல் போனதாக எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. புருஷனைக் கேட்டார். ஒரு பொம்பளை வெட்டினாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "தொழில்ல இதெல்லாம் சகஜம் சார்" என்றான். நர்ஸம்மாவின் பற்களுக்காகத் தம்பி மட்டும் உள்ளே போனான். லாரியை யாரோ ஓட்டத் தெரியாமல் ஓட்டிப் பள்ளத்தில் இறக்கினார்கள்.

அந்த வருஷம் சுகாதார நிலைய வாசலில் பெண்கள் வரிசை கறிக்கடை வரிசையைவிட நீண்டது. ஊரில் ஆண்கள் மனைவியைக் கையைப் பிடித்து இழுப்பதை நிறுத்தினார்கள். உதைப்பது மட்டும் கொஞ்ச காலம் தொடர்ந்தது, கால் ஒட்டிக்கொண்டதாகத் தகவல் எதுவும் வராததால். அவள் கடைப் பலகையில் தன் பெயரைத் தானே எழுதினாள். ரவிக்கையின் இடது கையைச் சற்று அகலமாகத் தைக்கச் சொன்னாள். மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்வந்தார்கள், நான்காவதாக ஒன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெந்நீரில் அந்தக் கையைக் கழுவி நகம் வெட்டிவிடுவாள். புதிதாகக் கறி வாங்க வருகிறவர்கள் முதல் தடவை அதைப் பார்ப்பார்கள், இரண்டாம் தடவை கொழுப்பு குறைவாகப் போடு என்பார்கள்.

அவன் கல்லாப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். எப்போதாவது முகத்தைச் சுளித்து, குரலைத் தாழ்த்தி, "சுண்டுவிரலுக்குப் பக்கத்துல அரிக்குது" என்பான். அவளுக்கு நேரம் இருந்தால் கத்தியை வைத்துவிட்டு, புஜத்திலிருக்கும் கையில் அந்த இடத்தைச் சொறிந்துவிடுவாள். கடையில் கூட்டமாக இருந்தால் அவன் காத்திருக்க வேண்டும்.